சர்வர் வெப்பத்தை ஊர்க் குழாயில் விற்பது: உங்கள் கணக்கில் விடுபட்டவை

நண்பரே, ஸ்வீடனில் 28 டிகிரியில் வீணாகும் சர்வர் வெப்பத்தை வீடுகளைச் சூடாக்க ஊர் முழுக்க ஓடும் வெந்நீர்க் குழாய்க்கு விற்றால் மூன்றே வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும் என்கிறீர்கள். மின்சாரச் செலவை எங்கே காணோம்? குழாய்க்குள் தண்ணீர் 70 டிகிரியில் போக வேண்டும், நடுவே ஹீட் பம்ப் (கரண்டில் ஓடி, குறைந்த சூட்டை அதிக சூடாக ஏற்றித் தரும் இயந்திரம்) இல்லாமல் முடியாது. அதன் செயல்திறன் 3.5 என்று வைத்தால், 3.5 யூனிட் வெப்பத்துக்கு 1 யூனிட் கரண்ட்; அந்தக் கரண்ட் 1.40 குரோனாவுக்கு (ஸ்வீடன் நாணயம்) வந்தால், விற்கும் ஒவ்வொரு யூனிட் வெப்பத்திலும் 0.40 குரோனா கரண்டுக்கே போய்விடும், பம்ப், குழாய், வட்டி எல்லாம் அப்புறம்.

அதைவிடப் பெரிய ஓட்டை, வருடத்தின் 8,760 மணி நேரமும் ஒரே விலையில் விற்பதாகப் பெருக்கியிருப்பது. ஜூலை அங்கே கோடை, ஊருக்குக் குளிக்கவும் கழுவவும்தான் வெந்நீர் வேண்டும், குப்பை எரிக்கும் ஆலை இருக்கிற ஊரில் அதையும் அந்த ஆலையே கொடுத்துவிடும், உங்களுடையதை யார் வாங்குவார்கள்? ஸ்டாக்ஹோமில் டேட்டா சென்டர் வெப்பத்துக்கு வெளியே அடிக்கும் குளிரைப் பார்த்துத்தான் விலையே போடுகிறார்கள்.

திட்டத்தைக் கைவிடச் சொல்லவில்லை, நல்ல திட்டம்தான். டென்மார்க்கின் ஓடென்சேயில் ஃபேஸ்புக் சர்வர்களின் வெப்பம் இப்படித்தான் வீடுகளுக்குப் போகிறது. முதலில் வெப்ப நிறுவனத்திடம் மாதவாரி விலையைக் கேளுங்கள், 60 டிகிரியில் வாங்குவார்களா என்றும் கேளுங்கள். சரி என்றால் கரண்ட் செலவு கணிசமாக இறங்கும்.