சுத்தியல் பிடித்த மாணவர்கள்

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்க மிஷன் பள்ளிகளின் பழைய புகைப்படங்கள் சிலவற்றைப் பார்த்தேன். வரிசையாகப் பிள்ளைகள், நடுவில் வெள்ளைக்காரப் பாதிரியார். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. சில படங்களில் மாணவர்கள் கையில் சுத்தியலும் உளியும். அடிமைகளை உருவாக்கிய இடங்கள் என்றே தோன்றியது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ச.

அன்புள்ள ச.,

சிரிப்பை விட்டுவிடுவோம். அந்தக் காலத்தில் ஐரோப்பியர்களும் கேமரா முன் பெரும்பாலும் சிரித்ததில்லை. சுத்தியலைக் கவனித்தீர்களே, விஷயம் அதில்தான் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் பகுதியிலுள்ள லவ்டேலை (ஊட்டி லவ்டேல் வேறு) எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்து மிஷனரிகள் 1841இல் அங்கே பள்ளி தொடங்கியபோது 11 கறுப்பின மாணவர்களும் 9 வெள்ளையர்களும் சேர்ந்தார்கள். வகுப்பு ஒன்று, சாப்பாட்டு மேசை மட்டும் தனித்தனி. சில கறுப்பின மாணவர்களாவது லத்தீனும் கிரேக்கமும் படித்து வெள்ளையருக்குச் சமமாக வர வேண்டும் என்பது முதல் தலைமையாசிரியர் வில்லியம் கோவனின் கட்சி. நிறையப் பேருக்கு அடிப்படைக் கல்வி, கூடவே கைத்தொழில் போதும் என்றார் அங்கே பிறகு வந்த மிஷனரி ஜேம்ஸ் ஸ்டூவர்ட். 1870இல் கோவன் விலக, ஸ்டூவர்ட் 1905 வரை பொறுப்பில் இருந்தார். தச்சுப் பட்டறை முன்பே இருந்ததுதான். ஆனால் மிஷன் படங்கள் பெரும்பாலும் தாய்நாட்டில் நன்கொடை திரட்டக் காட்டப்பட்டவை. லத்தீன் படிக்கும் கறுப்பின இளைஞனைவிட இழைப்புளி பிடித்தவனே நன்கொடை கொடுப்பவர்களுக்கு அதிகம் பிடித்துப்போனான். உங்கள் கோபத்தில் இவ்வளவு நியாயம் இருக்கிறது.

ஆனால் அடிமைகளை உருவாக்கிய இடம் என்பதை நான் ஏற்க மாட்டேன். லவ்டேலில் அச்சுத்தொழிலும் உண்டு. அங்கே வெளிவந்த, அப்பகுதிக் கறுப்பின மக்களின் ஹோசா மொழிப் பத்திரிகைக்கு 1881இல் ஆசிரியரானவர் ஜான் டெங்கோ ஜபாவு. அவருடைய அரசியல் எழுத்து மிஷனரிகளுக்குப் பிடிக்கவில்லை. சரி என்று வெளியேறி, 1884இல் 'இம்வோ சபன்ட்சுண்டு' என்ற சொந்தப் பத்திரிகையையே தொடங்கிவிட்டார். தென்னாப்பிரிக்காவில் கறுப்பினத்தவர் கையில் இருந்த முதல் பத்திரிகை அது. அப்புறம், நிறவெறி அரசு 1953இல் கறுப்பினப் பிள்ளைகளின் கல்வியைத் தன் கைக்குள் கொண்டுவரும் பன்டு கல்விச் சட்டத்தை இயற்றி இந்தப் பள்ளிகளை மிஷன்களிடமிருந்து பறித்ததே, எதற்கு? இவை அடிமைகளைத்தான் உருவாக்கின என்றால் அந்தச் சட்டத்துக்குத் தேவையே இருந்திருக்காது.

என் வருத்தம் வேறு. பல படங்களின் கீழே பாதிரியாரின் பெயர் மட்டும் இருக்கிறது, பிள்ளைகளின் பெயர் இல்லை. லவ்டேல் அளவில் இதற்கு ஒரு வழி உண்டு. 1887இல் அந்தப் பள்ளியே 2,000 பெயர்கள் கொண்ட பதிவேட்டை அச்சிட்டது. படித்து முடித்தவர்கள் எங்கே போனார்கள், என்ன வேலை பார்த்தார்கள் என்ற விவரமும் அதில் வரும். அடுத்த முறை லவ்டேல் படங்களைப் பார்க்கும்போது அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.