சென்டம் இருக்கட்டும், அந்த மூன்று கேள்விகள் எங்கே?

அம்மா, நீங்கள் அனுப்பிய உங்கள் மகளின் பிளஸ் டூ அரையாண்டுக் கணக்கு விடைத்தாளை இரண்டு முறை பார்த்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, எழுதிய வரைக்கும் ஒரு தப்புகூட இல்லை. ஆனால் ஐந்து மார்க் கேள்விகள் ஏழில் நான்கைத்தான் எழுதியிருக்கிறாள், மற்ற மூன்றுக்குக் கேள்வி எண்கூட இல்லை. "எல்லாம் தெரியும், நேரம்தான் பத்தலைன்னு அழுகிறாள் சார்" என்கிறீர்கள். நேரம் எங்கே போனது என்று அந்தத் தாளே சொல்கிறது. ஒரே படத்தை அழித்து அழித்து வரைந்திருக்கிறாள். ஒரு பக்கத்தை முழுக்க அடித்துவிட்டு அதே விடையை அடுத்த பக்கத்தில் அழகாகத் திரும்ப எழுதியிருக்கிறாள், அடித்த பக்கத்தில் இருந்ததும் சரியான விடைதான்!

கணக்கு எளிது. தாள் 90 மதிப்பெண், 3 மணி நேரம். விட்டது 15 மதிப்பெண். பொறியியல் கட்-ஆஃப் 200-இல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50, அதனால் மற்ற இரண்டில் ஒரு மார்க் போனால் அரை, கணக்கில் போனால் முழுசாக ஒன்று. அடித்துத் திருத்தியதற்காக யாரும் 15 மார்க் குறைக்கப் போவதில்லை. பாதியில் நின்ற கணக்குக்குக்கூட எழுதிய படிக்கு மார்க் உண்டு, வெற்றுத் தாளுக்கு என்ன போடுவார்கள்?

சென்டம் ஆசை தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அரை மார்க் ரேங்கை எங்கே தள்ளும் என்று வருஷா வருஷம் கவுன்சிலிங் நேரத்தில் பார்க்கிறவன்தான் நானும். ஆனால் நான் பார்த்த சென்டம் பிள்ளைகள் பலருடைய தாள் இவ்வளவு அழகாக இருக்காது, கிறுக்கியாவது கடைசிக் கேள்வி வரை போய்விட்டு மிச்சமிருக்கும் பத்து நிமிடத்தில் திரும்பிப் பார்ப்பார்கள். உங்கள் மகள் ஒவ்வொரு வரியிலும் திரும்பிப் பார்க்கிறாள்.

இதைவிட எனக்கு உறுத்தியது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி. "இன்னும் முழுசா தயாராகலை, திருப்புதல் தேர்வுக்கு லீவு போட்டுடறேன்" என்கிறாளாம். இது சோம்பல் இல்லை அம்மா. குறைவாக வாங்குவதைவிட எழுதாமலே இருப்பது மேல் என்று மனசு கணக்குப் போடுகிறது. இப்போது விட்டால் நாளைக்கு நேர்முகத் தேர்வுக்கும் வேலை விண்ணப்பத்துக்கும் இதே கதைதான். (நானே முதல் வேலைக்கான விண்ணப்பத்தைத் திருத்தித் திருத்திக் கடைசித் தேதியைக் கோட்டைவிட்டவன். சொன்னால் சிரிப்பீர்கள், அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.)

அவள் லீவு போடக் கூடாது, பாதி படித்திருந்தாலும் போய் உட்காரட்டும். வீட்டில் பழைய வினாத்தாள் எழுதும்போது ஸ்கேல், ஸ்கெட்ச் பேனா எல்லாவற்றையும் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுதியது தப்பானால் குறுக்கே ஒரே கோடு, அவ்வளவுதான், பக்கத்தைத் திரும்ப எழுதக் கூடாது. ஐந்து மார்க் கேள்விக்கு 12 நிமிடம், முடியாவிட்டால் இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். முதல் இரண்டு தாளுக்குக் கோபப்படுவாள், அழக்கூடச் செய்வாள். பரவாயில்லை.

அப்புறம் ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். 98 வாங்கி வந்தாலும் "மீதி ரெண்டு எங்கே?" என்று அவள் அப்பா விளையாட்டாகக் கேட்பார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த விளையாட்டை அவரிடம் சொல்லி இன்றோடு நிறுத்துங்கள். தேர்வு நாள் காலையில் வாந்தி, பல நாள் தூக்கமில்லை என்று இருந்தால் என்னோடு நிறுத்த வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். 104, 14416 என்ற உதவி எண்களில் கூப்பிட்டால் பேசுவதற்கு ஆள் இருக்கிறார்கள், காசு இல்லை.

அடுத்த முறை வரும்போது அவளையும் கூட்டி வாருங்கள். ஃபேர் நோட்டு வேண்டாம், ரஃப் நோட்டை எடுத்து வரச் சொல்லுங்கள்.