வாடகை வீட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மரப்பெட்டிகளை நாமே செய்துகொள்ள முடியுமா?

தாராளமாக முடியும். சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார், வெங்காயம், புத்தகம், குழந்தையின் பொம்மை எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும், கையில் டிரில்லும் ரம்பமும் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அது போதும். எங்கள் வீட்டில் அலமாரி என்ற ஒன்றே கிடையாது, இந்தப் பெட்டிகள்தான்.

தனியாக ஒரு பெட்டி செய்வது யாருக்கும் கைவரும். எந்தப் பெட்டியைத் தூக்கி எந்தப் பெட்டிமேல் வைத்தாலும், எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும், ஆடாமல் உட்கார வேண்டும். வேலை முழுக்க அங்கேதான் இருக்கிறது. அதனால் நீள அகலத்தை ஒருமுறை முடிவு செய்துவிட்டு, பிறகு எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள். உயரம் மட்டும் பெட்டிக்குப் பெட்டி மாறலாம்.

நான் வைத்திருக்கும் அளவு இது. 3 அங்குல அகலம், அரை அங்குலக் கனத்தில் பைன் பலகை. மரக்கடையிலேயே மெஷினில் இழைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், எல்லாம் ஒரே கனத்தில் வரும். நீளப் பக்கத்துக்கு 18 அங்குலத் துண்டு ஆறு, அடிப்பாகத்துக்கு அதே 18 அங்குலத்தில் நாலு, குட்டைப் பக்கத்துக்கு 11¾ அங்குலத்தில் ஆறு. ஒரு பெட்டிக்கு ஏறக்குறைய 21 அடிப் பலகை ஆகும். அறுக்கும்போது சேதாரம் வரும், கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள். 11¾ என்று ஏன் விநோதமான அளவு என்றால், அடிப்பலகை நாலையும் இரண்டு நூல் இடைவெளி விட்டுப் பரப்பினால் மொத்த அகலம் 12¾ வருகிறது. அதில் இருபக்கச் சுவரின் கனம் ஒரு அங்குலத்தைக் கழித்தால் 11¾. (எட்டு நூல் ஒரு அங்குலம் என்று ஆசாரிமார் போடும் கணக்குதான் இந்த வேலைக்கு வசதி.) இரண்டு நூல் சந்தில் சின்ன வெங்காயமும் விழாது, காற்றும் புகும்.

நாலு மூலையிலும் உட்புறம் ஒரு அங்குலச் சதுரக் கட்டை நிற்கும். பலகையின் வெட்டுமுகத்தில் ஆணியோ ஸ்க்ரூவோ அடித்தால் பிடிமானம் குறைவு, பாரம் ஏற ஏறக் கழன்றுவிடும். இந்த மூலைக்கட்டையின் பக்கவாட்டில் இறக்கினால்தான் கெட்டியாகப் பிடிக்கும். ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூ சரியாக இருக்கும். முதலில் மெல்லிய பிட்டால் துளை போட்டுக்கொள்ளாமல் பைன் பலகையின் ஓரத்தில் ஸ்க்ரூவை முறுக்கினால் பலகை பிளந்துவிடும். சேரும் இடத்தில் ஃபெவிகாலும் தடவுங்கள்.

சுவருக்கு மூன்று பலகை, நடுவே முக்கால் அங்குலச் சந்து, ஆக உயரம் பத்தரை அங்குலம். மூலைக்கட்டையை மட்டும் ஒன்பதரையில் நிறுத்துங்கள். மேலே விட்ட அந்த ஒரு அங்குலத்தில்தான் அடுத்த பெட்டியின் கால் வந்து உட்காரப்போகிறது.

குட்டைப் பக்கத்தில் சந்தை வேறு மாதிரிப் பிரியுங்கள்: மேல்சந்து ஒன்றேகால் அங்குலம், கீழ்ச்சந்து கால் அங்குலம். மொத்த உயரம் மாறாது, ஆனால் மேல்சந்தில் நாலு விரலும் உள்ளே போகும். தனியாகக் கைப்பிடியும் வேண்டாம், ஜிக்சா வைத்து ஓட்டை வெட்டவும் வேண்டாம். விரல் படும் விளிம்பை மட்டும் உப்புத்தாளில் நன்றாக உருட்டிவிடுங்கள்.

இப்போது அடிப்பாகம். குட்டைச் சுவரின் உட்புறம், கீழ்விளிம்போடு சமமாக, ஒரு அங்குலச் சதுரத்தில் 9¾ அங்குல நீளக் கட்டை ஒன்றை இரண்டு மூலைக்கட்டைக்கும் நடுவே பொருத்துங்கள். எதிர்ப்பக்கமும் அப்படியே. பெட்டியைக் கவிழ்த்து, அடிப்பலகை நாலையும் சுவர்களின் மேலேயே படுக்க வையுங்கள். அதற்கு மேல் குறுக்காக, இரு முனையிலும் காலாக ஒவ்வொரு அடிக்கட்டை: ஒன்றரை அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம், பதினொன்றரை அங்குல நீளம். பலகை முனையிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி இரண்டு அங்குல ஸ்க்ரூவை இறக்கினால் அடிக்கட்டை, அடிப்பலகை, உள்ளே இருக்கும் கட்டை மூன்றையும் ஒரே பிடியாகப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு அடிப்பலகைக்கும் முனைக்கு ஒன்று. பாரத்தோடு தூக்கும்போது அடி கழன்று விழாமல் காப்பது இந்த ஸ்க்ரூதான், இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அடிக்கட்டை எங்கே உட்கார வேண்டும் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நாலு பக்க விளிம்பிலிருந்தும் ஐந்து நூல் உள்ளே. நாலு நூல் கீழ்ப்பெட்டியின் சுவர்க் கனத்துக்கு, ஒரு நூல் தளர்வுக்கு. டேப் வைத்து ஒவ்வொரு தடவையும் அளக்காதீர்கள், அரை நூல் இங்கே அங்கே தவறினாலும் மூன்று பெட்டி அடுக்கும்போது தெரிந்துவிடும். சரியாக ஐந்து நூல் அகலத்தில் ஒரு பிளைவுட் துண்டு வெட்டி வைத்துக்கொண்டு, அதை விளிம்போடு வைத்து, அடிக்கட்டையை அதில் முட்டவைத்து முடுக்குங்கள். எல்லாப் பெட்டிக்கும் அதே துண்டு. பலகை அறுப்பதும் அப்படித்தான்: மேசையில் ஒரு தடுப்புக்கட்டை அடித்துவிட்டு, செய்யப்போகும் அத்தனை பெட்டிக்குமான 18 அங்குலத் துண்டுகளை ஒரே மூச்சில் அறுத்துவிடுங்கள். ஒரு பெட்டியை முடித்துவிட்டு அடுத்ததற்கு அறுக்கத் தொடங்கினால் அளவு நகர்ந்துவிடும்.

ஸ்க்ரூவை இறுக்குவதற்கு முன் மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் பெட்டியின் மூலைகள் செங்கோணம். ஒன்று கூடுதலாக இருந்தால், நீளமான மூலைகளை இரு கையாலும் அழுத்தினால் சரியாகிவிடும். மூலைமட்டத்தை ஒரு மூலையில் மட்டும் வைத்துப் பார்த்து நம்பிவிடாதீர்கள்.

மழைக்காலத்தில் மரம் உப்பி, பெட்டி ஒன்றோடொன்று இறுகிவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். மரம் ஈரத்தில் விரிவது அகலவாக்கில்தான், நாரோட்டத்தின் நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு. பெட்டி வாயின் அளவைத் தீர்மானிப்பது பலகைகளின் நீளம், அடிக்கட்டை பொருந்துவதும் அதன் நீளத்தில்தான். அதனால் ஐப்பசி அடைமழையிலும் ஒரு நூல் தளர்வு போதுமானது. அடிப்பலகைகள் அகலத்தில் விரியும், அதற்குத்தான் நடுவே சந்து.

பழைய பேக்கிங் பேலட்டை (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) பிரித்தும் செய்யலாம். வெளிநாட்டுச் சரக்கோடு வந்தவற்றில் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை இருக்கும். அதில் எச்டி (HT) என்று இருந்தால், மரத்தின் உள்ளே 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் ஏறும்படி சூடாக்கியது, எடுத்துக்கொள்ளலாம். எம்பி (MB) என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, தயவுசெய்து சமையலறைப் பக்கமே கொண்டுவராதீர்கள். எண்ணெய், ரசாயனக் கறை படிந்ததும் வேண்டாம்.

புத்தகத்துக்கு இந்த உயரம் கூடாது. பத்தரை அங்குலப் பெட்டியை நிரப்பினால் 20 கிலோவைத் தாண்டும், இடுப்பு போய்விடும். இரண்டு பலகை உயரத்தில், நாலு பக்கமும் ஒன்றேகால் அங்குலச் சந்து விட்டு, ஏழேகால் அங்குலத்தில் செய்யுங்கள். மூலைக்கட்டை அப்போது ஆறேகால். நீள அகலம் ஒன்றே என்பதால் எதன்மேலும் உட்காரும். வெங்காயப் பெட்டியில் உருளைக்கிழங்கைப் போடாதீர்கள். உருளைக்கு வெளிச்சம் பட்டால் பச்சை ஏறும், அதற்குத் தனிப் பெட்டியில் சாக்கு விரியுங்கள்.

வீட்டில் குழந்தை இருப்பதால் மூன்றுக்கு மேல் அடுக்க வேண்டாம், பாரமானது எப்போதும் அடியில். சந்துகளில் கால் வைத்து ஏறத்தான் பார்க்கும்.

உணவு வைக்கும் பெட்டியின் உட்புறத்துக்கு எதுவும் பூச வேண்டாம். வெளியே ஆளி விதை எண்ணெய் மெல்லிசாகத் தடவினால் அழகாக இருக்கும். ஆனால் தடவிய துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்து, வெளியே கம்பியில் தனியாகக் காயப்போட்டு, விறைப்பான பிறகே தூக்கிப் போடுங்கள்.