ஆலோசகருக்குப் பணம் தருவது யார்? தலைமை அலுவலக இடமாற்றம்: கேள்வி பதில்

22 ஆண்டுகள் நிறுவன நிர்வாகப் பிரிவில் இருந்தேன். அதில் இரண்டு முறை தலைமை அலுவலகத்தைப் பெயர்த்தெடுத்து வேறிடத்தில் நட்டிருக்கிறேன். முதல் முறை நாங்களே தட்டுத்தடுமாறி, அடுத்த முறை வெளியிலிருந்து ஓர் இட ஆலோசகரை அமர்த்தி. இடம் மாற நினைக்கும் குமரி மாவட்டத் தொழில் நண்பர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தக்கலை, முந்திரிப்பருப்பு ஏற்றுமதியாளர்: ஆலையின் மாடியில் 60 பேருடன் அலுவலகம் நடக்கிறது. நாகர்கோவிலுக்கு மாறப்போகிறோம். ஊர் நிறையத் தரகர்கள் இருக்கும்போது ஆலோசகருக்கு வேறு காசு தர வேண்டுமா?

தரகர் கட்டிடத்தைக் காட்டுவார். நல்ல ஆலோசகர் அதற்கு முன் உங்கள் அலுவலகத்தில் இரண்டு நாள் வந்து உட்கார்ந்து பார்ப்பார். யார் யாரோடு தினமும் பேசுகிறார்கள், ஐந்து ஆண்டில் எத்தனை பேர் ஆவீர்கள், சரக்குக் கணக்குப் பிரிவு ஆலையிலேயே இருந்தால் என்ன கெட்டுவிடும் என்றெல்லாம் கேட்பார். "60 பேரில் 20 பேர் நகரவே வேண்டாம்" என்று அவர் சொன்னால், அந்த ஒரு வரியிலேயே அவருடைய கூலி தேறிவிட்டது.

ஆனால் அவரிடம் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கட்டிட உரிமையாளரிடமும் அவர் பணம் வாங்குகிறாரா என்பது. எங்களுக்கு வாய்த்த ஆலோசகர் படங்களும் அட்டவணைகளுமாக மூன்று கட்டிடங்களைக் காட்டினார். நான்காவது ஒன்றைக் கண்டுபிடித்தது எங்கள் ஓட்டுநர். தேநீர்க் கடையில் காதில் விழுந்த செய்தி. வாடகை குறைவு, வண்டி நிறுத்த இடம் அதிகம். ஆலோசகரின் பட்டியலில் அது ஏன் இல்லை என்று தோண்டிப் பார்த்தால், அந்த உரிமையாளர் தரகு தர மறுத்தவர்! மற்ற மூவரும் தர ஒப்புக்கொண்டவர்கள். அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்: உரிமையாளர் தரப்பிலிருந்து எந்த வகையிலும் பணம் பெறமாட்டார், பார்த்து ஒதுக்கிய கட்டிடங்களையும் காரணத்தோடு பட்டியலில் தருவார். கட்டணத்தை வாடகையின் விழுக்காடாக வைக்காதீர்கள். வாடகை ஏறினால் அவர் வருமானமும் ஏறும் என்ற ஏற்பாட்டில் அவர் உங்களுக்காக எப்படிப் பேரம் பேசுவார்? தேவை ஆய்வு, இடத் தேர்வு, ஒப்பந்தம், குடியேற்றம் என்று கட்டம் கட்டமாக நிலையான தொகை பேசிக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டம், தணிக்கையாளர்: தலைமை அலுவலகம், பதிவு அலுவலகம் இரண்டையும் வாடிக்கையாளர்கள் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆலோசகர்களும் குழப்புகிறார்கள் ஐயா. நிர்வாக இயக்குநர் எங்கே உட்கார்ந்தாலும் சட்டத்துக்குக் கவலையில்லை. நிறுவனங்கள் சட்டம் 2013, 12ஆம் பிரிவு பேசுவது பதிவு அலுவலகத்தைப் பற்றி, அதாவது அரசுப் பதிவேட்டில் உள்ள நிறுவன முகவரியைப் பற்றி. அதே ஊர் எல்லைக்குள் மாறினால் இயக்குநர் குழுத் தீர்மானம் போதும். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு என்றால் ஊர் எல்லை தாண்டுகிறது. பங்குதாரர் கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதாவது எதிர் வாக்குகளைப் போல் குறைந்தது மும்மடங்கு ஆதரவு. வளைகுடாவில் இருக்கும் பங்குதாரரான சித்தப்பா மகனுக்கும் பொதுவாக 21 நாள் முன்னறிவிப்பு போக வேண்டும். மாறிய 30 நாளுக்குள், புதிய முகவரியை நிறுவனப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் ஐஎன்சி-22 படிவம். ஜிஎஸ்டி பதிவில் முதன்மை வணிக இடம் மாறினால் 15 நாளுக்குள் திருத்தம்.

திருவனந்தபுரத்தில் பதிவு அலுவலகம் வைத்திருப்பவர் இங்கே கொண்டுவருவது வேறு கதை. மாநிலம் மாறுவதால் 13ஆம் பிரிவின்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். இங்கே புதிய ஜிஎஸ்டி எண்ணும் எடுக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்று வைத்துக்கொண்டு வாடகை ஒப்பந்தத் தேதியை முடிவு செய்யுங்கள்.

குளச்சல், மனிதவளப் பிரிவில் பணிபுரியும் பெண்: ஆலோசகர் தந்த வரைபடத்தில் "ஊழியர்களில் பெரும்பாலோர் 20 கிலோமீட்டர் வட்டத்துக்குள்" என்று இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

வரவே கூடாது அம்மா. காம்பஸ் வைத்து வரைந்த வட்டத்தில் பஸ் ஓடாது. பள்ளி திறந்திருக்கும் ஒரு மழை நாளில் காலை எட்டரைக்குக் குளச்சலிலிருந்தும் குழித்துறையிலிருந்தும் ஆலோசகரையே பஸ்ஸில் வரச் சொல்லுங்கள். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஒன்றைத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

குழித்துறை, இரணியல் பக்கத்து ஊழியர்களுக்கு ரயில் உதவும். ஆனால் நாகர்கோவில் டவுன் நிலையத்தில் இறங்குவதும் கோட்டாரில் உள்ள சந்திப்பு நிலையத்தில் இறங்குவதும் ஒன்றல்ல. அலுவலகம் எதற்குப் பக்கம் என்று பாருங்கள். மாலையில் வேலை முடிந்து, பிரதான சாலையில் இறங்கி, உள்ளூர்ப் பஸ் பிடிக்கும் பெண்களுக்குக் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்ற பத்தியை அந்த அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள். எங்கள் முதல் இடமாற்றத்தில் இதைப் பார்க்காமல் விட்டதால், ஆறு மாதத்துக்குள் அனுபவமுள்ள நான்கு பெண்களை இழந்தோம். வாடகையில் மிச்சம் பிடித்தது அங்கேயே போயிற்று.

வடசேரி, மென்பொருள் நிறுவனம்: சதுர அடிக்கு 40 ரூபாய் என்றால் மலிவுதானே?

எந்தச் சதுர அடிக்கு? 10,000 சதுர அடி என்று சொல்லி, படிக்கட்டு, லிஃப்ட், பொது நடை எல்லாம் கழித்து 7,000 கைக்கு வந்தால் உண்மை வாடகை 57 ரூபாய்க்கு மேல். டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

ஆரல்வாய்மொழி, காற்றாலைப் பராமரிப்பு நிறுவனம்: வாடகையே வேண்டாம், நிலம் வாங்கிக் கட்டிவிடலாமா?

வாங்கலாம். ஆனால் வெளியூர் ஆலோசகரின் கை இங்கேதான் கட்டப்பட்டுவிடும். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம். பழைய பிரமாணங்கள், அதாவது நிலப் பத்திரங்கள், பல மலையாளத்தில் இருக்கும். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்று அவர் சொல்வார். பதிவாகாத குடும்பப் பாகப்பிரிவினை அதில் தெரியாது. மூல ஆவணத்தைப் படிக்கத் தெரிந்த உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை அவரோடு சேர்த்துவிடுங்கள்.

நிலம் நஞ்சையாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். அனுமதிக்கு அலைய வேண்டும் என்பது ஒரு காரணம். நாஞ்சில் நாட்டில் மண் போட்டு நிரப்பிய வயல்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது என்பது இன்னொரு காரணம். அது தொழில்முறைப் பதில் அல்ல.

கொட்டாரம், ஏற்றுமதி நிறுவன மேலாளர்: மின்சாரம், இணையம் பற்றி ஆலோசகரிடம் என்ன கேட்க வேண்டும்?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம்மைப் புரட்டிப்போட்டது. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அன்று இந்தக் கட்டிடம் எப்படி இருந்தது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்து எழுதச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் வைக்க இடம் உண்டா, அடித்தளத்தில் தண்ணீர் ஏறுமா, இரண்டு இணைய இணைப்புகளும் ஒரே கம்பத்தில்தான் வருகின்றனவா?

தோவாளை, பூ வணிக நிறுவனம்: ஆடியில் குடிபோக அப்பா சம்மதிக்கவில்லை.

ஆவணியில் போங்கள். நல்ல நேரத்தில் விளக்கும் கணக்குப் புத்தகமும் முன்னால் போகட்டும். கணினிகள் ஞாயிற்றுக்கிழமை போகட்டும். டிசம்பர் 3ஐ ஒட்டி மட்டும் கோட்டார்ப் பக்கம் லாரி கொண்டுபோகாதீர்கள், சவேரியார் திருவிழா.

நாகர்கோவில், குடும்ப நிறுவன இயக்குநர்: புதிய அலுவலகச் சாவி வாங்கியதும் ஆலோசகருக்குக் கணக்கு முடித்துவிடலாமா?

வேண்டாம். பழைய கட்டிடம் இன்னும் உங்கள் தலையில் இருக்கிறது. போட்ட தடுப்புச் சுவர்களை எடுத்து, சுவருக்கு வண்ணம் பூசி, முன்பிருந்தபடியே ஒப்படைக்க வேண்டும் என்று பழைய ஒப்பந்தத்தில் இருக்கும். முடிகிற தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்: முன்னறிவிப்பு, உள்வேலை, சீரமைப்பு. ஒரு மாதம் தவறினால் இரண்டு வாடகை. ஆலோசகரின் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்து வையுங்கள். பழைய உரிமையாளர் அட்வான்ஸைத் திருப்பித் தந்து, அந்தத் தொகை வங்கியில் ஏறிய மறுநாள் அதைக் கொடுங்கள்.