பிறந்த தேதி ஏன் ஒரு நாள் பின்னால் போகிறது?

வணக்கம் சார்,

நான் கோவையில் வெப் டெவலப்பர். எங்கள் படிவத்தில் காலண்டரைத் திறந்து பிறந்த தேதியாக மே 15-ஐத் தேர்ந்தெடுத்தால், டேட்டாபேஸில் மே 14 என்று பதிவாகிறது. எல்லாவற்றையும் யுடிசியில்தான் (உலகப் பொது நேரத்தில்) சேமிக்கிறேன். அப்புறமும் ஏன் இப்படி? ஒரு நாளைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடுமா?

க., கோவை

அன்புள்ள க.,

தயவுசெய்து கூட்டாதீர்கள். கோவையில் சரியாகத் தெரியும். நியூயார்க்கிலிருந்து ஒருவர் அதே படிவத்தை நிரப்பினால் மே 16 ஆகிவிடும்.

நீங்கள் தேதியைத் தொட்டதும், உங்கள் ஊரின் மே 15 நள்ளிரவு என்று ஜாவாஸ்கிரிப்டில் ஒரு டேட் (நாளும் நேரமும் சேர்ந்த மதிப்பு) உருவாகிறது. அனுப்பும்போது டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் (toISOString) என்ற கட்டளை அதை யுடிசிக்கு மாற்றுகிறது. நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் அது மே 14, 18:30. அதிலிருந்து தேதியை மட்டும் வெட்டி எடுத்தால் 14தான் வரும்.

பிறந்த தேதிக்கு மணியும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. அதை யுடிசிக்குள் கொண்டுபோனதுதான் பிழை. ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் உள்ளூர்க் கணக்கில் எடுத்து, '2001-05-15' என்று வெறும் எழுத்தாகவே அனுப்புங்கள் (ஜாவாஸ்கிரிப்டில் மாத எண் 0-இல் தொடங்கும், ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்). டேட்டாபேஸில் தேதியை மட்டும் வைக்கும் டேட் வகையே போதும். திரும்ப எடுக்கும்போதும் கவனம் வேண்டும்: இந்த எழுத்தை அப்படியே ஜாவாஸ்கிரிப்டின் டேட்டிடம் கொடுத்தால் அது யுடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் பார்ப்பவருக்கு முந்தைய நாள் தெரியும்.

எல்லாவற்றையும் யுடிசியில் சேமியுங்கள் என்ற அறிவுரை நல்லதுதான், ஆனால் நடந்து முடிந்தவற்றுக்கு: பணம் கட்டிய நேரம், லாகின் செய்த நேரம். வரப்போகும் சந்திப்புகளுக்கு அது போதாது. இலங்கை 2006 ஏப்ரல் 15 அன்று +6:00-இலிருந்து (யுடிசியை விட 6 மணி நேரம் முன்னால்) +5:30-க்கு மாறியது. அதற்கு முன்பே மே மாதத்துக்கென்று பதிந்த காலை 9 மணிச் சந்திப்பை யுடிசியில் 03:00 என்று மட்டும் வைத்திருந்தால், மாற்றத்துக்குப் பிறகு அது 8:30 என்று காட்டும். ஆட்கள் வருவதோ 9 மணிக்கு. 'காலை 9, ஏசியா/கொழும்பு' என்று ஊர் நேரத்தையும் மண்டலப் பெயரையும் சேர்த்தே வைக்க வேண்டும். '+06:00' என்பது அன்றைய இடைவெளி மட்டும்தான், அரசு விதியை மாற்றினால் அதற்குத் தெரியாது.

திருத்திய பிறகு டெஸ்ட்களை ஏசியா/கொல்கத்தா, அமெரிக்கா/நியூயார்க் இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். யுடிசியில் ஓடும் சர்வரில் மட்டும் சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது.