டெக்சாஸில் நகர எல்லைக்கு வெளியே நிலம் வாங்கி வீடு கட்ட, கவுண்டியில் அனுமதி எப்படி வாங்குவது?

ஆஸ்டினுக்கு மேற்கே 2 ஏக்கர், நகர எல்லைக்கு வெளியே, பாதாளச் சாக்கடை இணைப்பு கிடையாது என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். நாங்களும் அந்தப் பக்கம்தான், அதே மாதிரி இடத்தில் கட்டிக் குடியிருக்கிறோம். அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டு பிளான் வரைய இப்போதே ஆள் பிடிக்காதீர்கள். முதலில் மண்ணைப் பாருங்கள், அடுத்து வெள்ள வரைபடத்தைப் பாருங்கள். வீடு எங்கே வரலாம், எவ்வளவு பெரிதாக வரலாம் என்பதை இந்த இரண்டும்தான் முடிவு செய்யும்.

டெக்சாஸில் நகராட்சிக்கு இருக்கும் அதிகாரம் கவுண்டிக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இல்லை. பெரும்பாலான கவுண்டிகளில் ஜோனிங், அதாவது எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்ற கட்டுப்பாடு, கிடையாது; நகரத்துக்குள் செய்வதுபோல பிளான் முழுவதையும் அலசிப் பார்த்துக் கொடுக்கும் பில்டிங் பெர்மிட்டும் கிடையாது. அதைக் கேட்டுவிட்டு, அனுமதியே தேவையில்லை என்று சிலர் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். அப்படி இல்லை. செப்டிக், வெள்ளப் பகுதி, சாலையிலிருந்து மனைக்குள் வரும் வழி என்று கவுண்டி பிடித்து நிறுத்தும் இடங்கள் வேறு, அவ்வளவுதான்.

செப்டிக் பெர்மிட்டில் தொடங்குங்கள். டி.சி.இ.க்யூ. என்ற மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையத்தின் விதிகளை வைத்துப் பெரும்பாலும் கவுண்டி அலுவலகமே இதைக் கொடுக்கிறது. மாநில உரிமம் பெற்ற சைட் எவாலுவேட்டர் ஒருவர் வந்து, கழிவுநீர் விடப்போகும் இடத்தின் இரண்டு முனைகளிலும் குழி தோண்டி மண்ணைப் பார்ப்பார். நம் பக்கத்து ஹில் கண்ட்ரி என்ற குன்றுப் பகுதியில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புப் பாறை வந்துவிடும். தண்ணீர் மண்ணில் இறங்கி வடிகட்ட ஆழம் போதாது. அப்போது சாதாரண செப்டிக் டேங்க் செல்லாது. காற்று செலுத்திச் சுத்திகரித்து, நீரைப் புல்வெளியில் தெளிக்கும் ஏரோபிக் அமைப்புதான் வழி. செலவு கூடுதல். முதல் 2 வருடங்களுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் கட்டாயம்; 4 மாதத்துக்கு ஒரு முறை ஆள் வந்து சோதித்து கவுண்டிக்கு அறிக்கை அனுப்புவார். பட்ஜெட்டில் இதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

செப்டிக்கின் அளவு, படுக்கையறை எண்ணிக்கையையும் வீட்டின் பரப்பையும் பொறுத்தது. மூன்று படுக்கையறை, 2,500 சதுர அடிக்குள் என்றால், தண்ணீரைச் சேமிக்கும் குழாய்கள் இருக்கும் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 240 கேலன் கழிவுநீர் என்று கணக்கு. நான்கு அறை, 3,500 சதுர அடிக்குள் என்றால் 300. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள், கீழ்த்தளத்தில் அவர்களுக்கு ஒரு அறை வேண்டும் என்றால் அதை முதல் நாளே கணக்கில் சேருங்கள். பெர்மிட் வாங்கிய பிறகு ஒரு அறையைக் கூட்டினால் டிசைனையே மாற்ற வேண்டிவரும்.

போர்வெல் போடுகிறீர்கள் என்றால் இன்னொரு கணக்கு. கிணற்றுக்கும் கழிவுநீர் விடும் இடத்துக்கும் இடையே பொதுவாக 100 அடி வேண்டும். இதில் பக்கத்து மனைக்காரரின் கிணறும் சேரும். அவர் கிணறு வேலியை ஒட்டி இருந்தால் உங்கள் நிலத்தில் அந்த மூலை உங்களுக்கு உதவாது. நிலம் பார்க்கப் போகும்போதே வேலிக்கு அந்தப் பக்கமும் எட்டிப் பாருங்கள்.

அடுத்தது வெள்ளம். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஃபெமா என்ற மத்திய அரசின் பேரிடர் அமைப்பின் வெள்ள வரைபடத்தில் நிலத்தின் எந்தப் பகுதி ஆபத்துப் பகுதிக்குள் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸே கொடுக்க வேண்டும். அதற்குள் கட்டுவதாக இருந்தால் கவுண்டியின் ஃப்ளட்ப்ளெய்ன் பெர்மிட் வாங்கி, தரைமட்டத்தை அவர்கள் சொல்லும் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். பாறை நிலம், மழைத் தண்ணீரை உறிஞ்சாது. வருடம் முழுக்க வறண்டு கிடக்கும் ஓடை சில மணி நேரத்தில் ஆறாகிவிடும். 2015 மே மாதம் பிளாங்கோ ஆறு விம்பர்லியில் வீடுகளை அடித்துக்கொண்டு போனது. 2025 ஜூலை 4 அன்று குவாடலூப் ஆற்று வெள்ளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஓடையோரம் அழகாக இருக்கும், உண்மைதான். ஆனாலும் பெர்மிட் கிடைக்கிறது என்பதற்காக அங்கே வீட்டை வைக்காதீர்கள், மேட்டில் வையுங்கள்.

வழி விஷயம் சுலபம். எஃப்.எம். ரோடு போன்ற மாநிலச் சாலையை ஒட்டிய நிலம் என்றால் டெக்ஸ்டாட் என்ற மாநிலப் போக்குவரத்துத் துறையிடம் டிரைவ்வே பெர்மிட், கவுண்டி ரோடு என்றால் கவுண்டியிடம். அப்படியே 911 முகவரிக்கும், அதாவது அவசர உதவி வண்டி வீட்டைக் கண்டுபிடிக்க உதவும் முகவரிக்கும், விண்ணப்பித்துவிடுங்கள்.

கட்டுமானச் சோதனை பற்றி ஒன்று. 2009இல் வந்த சட்டப்படி, கமிஷனர்ஸ் கோர்ட் (பெயர்தான் கோர்ட், உண்மையில் கவுண்டியின் நிர்வாகக் குழு) ஏற்றுக்கொண்ட கவுண்டிகளில் புது வீட்டுக்கு மூன்று சோதனைகள் உண்டு: கான்கிரீட் போடும் முன் அஸ்திவாரம், சுவர்ப் பலகை அடிக்கும் முன் சட்டகமும் உள்வேலைகளும், வேலை முடிந்ததும் கடைசிச் சோதனை. இன்ஸ்பெக்டரை ஏற்பாடு செய்வது பில்டர்தான். உங்கள் கவுண்டி அதை ஏற்காவிட்டாலும், பில்டருக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை நீங்களே காசு கொடுத்து இந்த மூன்று கட்டத்திலும் வரவழையுங்கள். கடன் கொடுக்கும் வங்கியின் ஆள், வேலை எவ்வளவு முடிந்தது என்றுதான் பார்ப்பார். கம்பி சரியாகக் கட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை.

அப்புறம் பத்திரம் போடும் முன் இரண்டு கேள்வி. பெரிய பண்ணையிலிருந்து வெட்டிக் கொடுத்த துண்டு என்றால், முறைப்படி பிளாட் (plat, மனைப் பிரிவு வரைபடம்) பதிவு செய்திருக்கிறார்களா? இல்லையென்றால் செப்டிக் மனுவே அங்கே நின்றுபோகலாம். விவசாய வரிச் சலுகையில் இருந்த நிலமா? வீட்டுக்காக எடுக்கும் பகுதிக்குக் கடந்த 3 வருட வரி வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். அதை விற்பவர் கட்டுவாரா நீங்களா என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.