புது கோச் வந்ததும், சீசனுக்கு முன்னாடி வசந்த காலத்துல நடக்குற ஸ்ப்ரிங் பிராக்டிஸை வெச்சு அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் டீமை எடை போட முடியுமா?

ஓரளவுக்குத்தான் முடியும். 2023 கொலராடோ யுனிவர்சிட்டி டீமையே எடுத்துக்கோங்க, முந்தின சீசன் 1-11 (ஒரு வெற்றி, 11 தோல்வி), டியான் சாண்டர்ஸ் புது கோச்சா வர்றாரு, ஏப்ரல்ல குளிர்லயும் ஸ்ப்ரிங் கேமுக்கு (ஒரே டீம் ரெண்டாப் பிரிஞ்சு ஆடுற மேட்ச்) 47,000 பேருக்கு மேல வந்து உக்காந்தாங்க. அதுல மொன்டானா லெமோனியஸ்-கிரெய்க்ன்ற பிளேயர் 98 யார்டு டச்டவுன் (பந்தை எதிரணி எல்லைக்குள்ள கொண்டுபோய் எடுக்குற ஸ்கோர்) அடிச்சாரு, எல்லாரும் அதைத்தான் பேசுனாங்க, ஆனா சில நாள்லயே அவரு டீமை விட்டே கெளம்பிட்டாரு! அதனால ஸ்கோரையும் ஹைலைட்டையும் நம்பாதீங்க, ரெண்டு பக்கமும் ஒரே டீம் பசங்கதானே.

மொத்தமே 15 பிராக்டிஸ்தான், அதுலயும் குவாட்டர்பேக்கை (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துறவர்) அடிச்சு சாய்க்க விடமாட்டாங்க, அதனால முன்னாடி நின்னு அவரைக் காப்பாத்துற லைன் தேறுமான்னு ஏப்ரல்ல தெரியவே தெரியாது. கொலராடோவுக்கு அங்கதான் அடி விழுந்துச்சு. டிசியூவை (டெக்சாஸ் கிறிஸ்டியன் யுனிவர்சிட்டி டீம்) 45-42ன்னு ஜெயிச்சு 3-0ன்னு கெளம்புனவங்க 4-8ல முடிச்சாங்க, கோச்சோட மகனும் குவாட்டர்பேக்குமான ஷெடூர் சாண்டர்ஸ் 50 தடவைக்கு மேல சாக் ஆனாரு (பந்தை வீசுறதுக்கு முன்னாடியே சாய்க்கப்பட்டாரு), பாக்கவே மனசு கஷ்டமா இருந்துச்சு.

நான் பாக்குறது, ஒரு பிளே முடிஞ்சதும் பசங்க எவ்ளோ வேகமா அடுத்ததுக்கு வந்து நிக்கிறாங்க, அப்புறம் முதல் ஆளுங்களுக்கு மாத்தா இறங்குற ரெண்டாவது வரிசை லைன்மேன் யாருன்னுதான்.